மகரந்தத்தில் மறைந்துள்ள ஓமோன்

நெற்கதிரில் மணியுடன் பதரும் கலந்து வருவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். பூ மணியாவதற்கு மகரந்தம் விளைந்து, கூடு வெடித்து, பெண் உறுப்பின் நுனியாகிய குறியிற் படிதல் வேண்டும். இவற்றைத் தாவரத்தினுள்ளே நெறிப்படுத்தும் பொருட்களுள் ஸ்டெரொயிட் வகை ஓமோனும் ஒன்றாகும். விலங்குகளின் இனப்பெருக்கத்தை ஆளும் ஓமோன்கள் சிலவும் இவ்வகையினவே. ஆயினும் இது அவற்றின் வேறானது.

1970ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆராய்ச்சியாளர், கடுகின் இனமாகிய ரேப் செடியின் மகரந்தத்தில் வளர்ச்சியைத் தூண்டும் பொருளொன்று உண்டென அறிவித்தனர். 1979இல் அதன் அமைப்புத் தெளிவாயிற்று. பிரசினொலைட் எனப் பெயரிடப்பட்டது. தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 200 கிலோகிராமுக்கு மேல் எடுத்தும், கிடைத்தது சில மில்லிகிராம் மாத்திரமே. பயிர் எத்துணைச் சிறிய அளவைக் கொண்டு தொழிற்படுகின்றது என்பதை இது காட்டும்.

இவ்வோமோனை ஆக்கவியலாத செடிகளை ஆராய்ந்தபோதே அதன் தொழில் விளங்கிற்று. அரபிடொப்சிஸ் என்னும் சிறு பூண்டில், மகரந்தக் கூட்டைத் தாங்கும் இழை நீளாது குட்டையாக நின்றமையால் மகரந்தம் குறியை எட்டவில்லை. சிலவற்றில் மகரந்தமே குறைந்தது. அத்தகைய நெற்செடிகள் குள்ளமாகி, மணிகளும் சிறுத்தன. வெள்ளரிக்கு இதனை வெளியிலிருந்து இட்டபோது பெண் பூக்கள் முந்தித் தோன்றின. எல்லாக் கொடிப்பயிர்களிலும் இவ்விளைவு ஒரே அளவினதன்று.

ஆயினும், பதர் கண்டவுடன் ஓமோன் போத்தலுக்குப் பணம் செலவிடுதல் தகாது. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் மலர்ந்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மூடிக்கொள்ளும். உதிர்ந்த மகரந்தம் சில நிமிடங்களே உயிர்ப்புடன் இருக்கும். அவ்வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினாலும், குடலைப் பருவந்தொட்டுப் பூக்கும் வரை வயல் வரண்டாலும் பதர் மிகும். கெட்டுப்போன மகரந்தத்தை எந்த ஓமோனும் மீட்காது. ஆகவே அந்நாட்களில் வயலில் நீர் நிற்கச் செய்க. பூ மலரும் முற்பகலில் எத்திரவத்தையும் தெளிக்கலாகாது.

வெள்ளரியிலும் பாகலிலும் முதலில் ஆண் பூக்களே மிகுதியாக வரும். அவை உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து வேண்டியதில்லை.

ஓமோனைப் பரீட்சிக்க விரும்புவோர் சுட்டுத்துண்டிற் குறித்த அளவை மீறலாகாது. மிகுதி பயிருக்குக் கேடு. முதலில் ஒரு பாத்திக்கு மட்டும் தெளித்து, அடுத்ததைத் தெளிக்காது விடுக. அறுவடையின்போது இரண்டிலும் சில கதிர்களை எடுத்து, நூறு மணிக்கு எத்தனை பதர் என எண்ணிப் பார்த்த பின்னரே முழு வயலுக்கும் வாங்குவதா என முடிவு செய்க.