ஓய்வு பெறுவது யார்?

படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டு வாயிலில் உள்ள பெயர்ப்பலகையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு மரபு புலப்படும். 'கர்னல்', 'பிரிகேடியர்' என்னும் பதவி பெயருக்கு முன்னே நிற்கும். 'ஓய்வு' என்னும் சொல் பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் வரும். ஓய்வு பெறுபவர் மனிதரே, பதவி அன்று என்பதே இதன் உட்பொருள்.

நமது அரசியலமைப்பின் 18-ஆவது விதி, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. எனினும் படைத்துறைச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் அது விலக்கு அளித்துள்ளது. பீல்டு மார்ஷல் பதவியோ வாழ்நாள் முழுவதற்கும் உரியது. 1973-இல் மானெக்ஷாவும் 1986-இல் கரியப்பாவும் அதனைப் பெற்றனர்.

ஆனால் பணியின் கடைசி நாளன்றே கட்டளையிடும் அதிகாரம் நீங்கிவிடுகிறது. வாகனமும் ஏவலரும் வணக்கமும் மறுநாள் வேறொருவரைச் சென்றடைகின்றன. அப்படியானால் எஞ்சி நிற்பது என்ன?

கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்றார். 1965-ஆம் ஆண்டுப் போரில் விமானப்படை அதிகாரியான அவருடைய மகன் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். அந்நாட்டின் அதிபர் அயூப் கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ்ப் பணியாற்றியவர். மகனை விடுவிக்க அவர் முன்வந்தபோது, கரியப்பா அச்சலுகையை ஏற்கவில்லை. சிறைப்பட்ட வீரர் அனைவரையும் ஒன்றுபோல் நடத்துமாறே வேண்டினார். அன்று அவர் ஆணையிடுவதற்கு ஒரு படைவீரர்கூட இல்லை. எனினும் வீரர் அனைவருக்கும் தந்தையாக நிற்கும் தர்மம் அவரிடம் இருந்தது.

மும்பையில் 1946-இல் பிறந்து, மாதுங்காவின் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில் பயின்றவர் மேஜர் பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25-ஆம் நாள் இலங்கையில் அவருடைய படைப்பிரிவு இரவில் தாக்குதலுக்கு உள்ளானது. மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் அவர் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டார்; இறுதி மூச்சு வரை தம் வீரர்களை வழிநடத்தினார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. 'ஓய்வு' என்னும் சொல் அவர் பெயரை ஒட்டவே இல்லை. பதவி என்பது முன்வரிசையில் பெறும் இருக்கை அன்று, ஆபத்தில் முன்னே செல்லும் கடமை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

வேதாந்தம் 'உபாதி' என்றொரு சொல்லைக் கையாளுகிறது. தன் அருகில் இருப்பதற்குத் தன் குணத்தை ஏற்றிக் காட்டுவதே உபாதி. செம்பருத்திப் பூவின் அருகே வைத்த படிகம் சிவப்பாகத் தோன்றும். பூவை அகற்றினால் படிகத்துக்கு எவ்வித இழப்பும் இல்லை. சிவப்பைத் தன் இயல்பு என்று எண்ணியவனுக்கே துயரம். ஓய்வு பெற்றவர் பலரை வாட்டும் வெறுமைக்குக் காரணம் பணி முடிந்தது அன்று. பணியையே 'நான்' என்று கொண்டதுதான்.

ஆகவே மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது அதிகாரம், அது பணியிடத்தின் வாயிலோடு நின்றுவிடும். இரண்டாவது பணியினால் விளைந்த சம்ஸ்காரம். நேரம் தவறாமை, அஞ்சாமை, பிறரை முன்னிறுத்தும் பண்பு ஆகிய இவை உடன் வரும். கரியப்பாவிடம் எஞ்சியிருந்தது இதுவே. மூன்றாவது, இவ்விரண்டையும் அறிந்துகொண்டிருக்கும் சாட்சியாகிய ஆத்மா. அது எந்தச் சீருடையையும் அணிந்ததில்லை. எனவே களைவதற்கும் ஒன்றுமில்லை.

இது படைவீரருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. செம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும், தாராவியில் தொழிலை மகனிடம் ஒப்படைத்த முதியவருக்கும், பிள்ளைகள் வளர்ந்து பிரிந்த தாய்க்கும் இதே கேள்வி ஒருநாள் எழும்.

சாதனை: இரவில் சற்று நேரம் தனித்து அமர்ந்து, பதவியால் வந்த மரியாதைகளையும் பணியால் வளர்ந்த பண்புகளையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கவும். முன்னவற்றை இறைவனிடம் திருப்பிக் கொடுத்துவிடவும். பின்னவற்றைச் சேவையில் ஈடுபடுத்தவும். பின்னர், இவ்விரண்டையும் அறிபவன் யார் என்று விசாரிக்கவும். அவனுக்கு ஓய்வும் இல்லை. ஓய்வு குறித்த அச்சமும் இல்லை.