ஜூலையில் பையை நனைக்காதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. வண்டிப்பெரியாறு பக்கம் பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த பழுப்புப் பை, குவைத்திலிருந்து திரும்பிய நர்ஸ் அக்கா பீரோவில் வைத்து மறந்துபோன கறுப்புப் பை, குமுளிக் கடைக்காரர் கொடுத்த பாம்புத்தோல் பை. மூன்றிலும் வெள்ளை பூத்திருக்கிறது. எதைப் போட்டுத் துடைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் போடாதே. என்ன தோல், எதில் பதனிட்டது, மேலே என்ன பூச்சு என்று தெரியாமல் தொடுவதுதான் பழைய பைகளை அதிகம் கெடுக்கிறது. இங்கே சென்னை பெரியமேட்டில் என் மேசைக்கு வருபவற்றில் காலம் கெடுத்ததைவிடக் கெட்டிக்காரக் கைகள் கெடுத்ததே அதிகம்.

அந்த வெள்ளையிலிருந்தே தொடங்குவோம். அது பூஞ்சணமாகவும் இருக்கலாம், தோலுக்குள்ளிருந்த கொழுப்பு மேலே வந்து உறைந்ததாகவும் இருக்கலாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார். கொழுப்பென்றால் உருகி மறையும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். பூஞ்சணம் உருகாது. பூட்டிக் கிடந்த அறையின் வாடை அடிக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழை இழையாகத் தெரியும். அதை வீட்டுக்குள் தட்டாதே. முகக்கவசம் போட்டுக்கொண்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், காய்ந்த பிரஷால் தள்ளிவிடு. அதன்பிறகு ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, பையின் மூடிக்கு உள்பக்கம் ஒரு மூலையில் துடைத்துப் பார். துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடு.

துடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் மறுபடி முளைக்கும். மூவாயிரம் அடி உயரத்தில், மேகம் வாசல்வழியே வந்துபோகும் உங்கள் பீர்மேட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அறைக்குள் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதனால் நீ முதலில் வாங்க வேண்டியது சாயமோ பாலிஷோ இல்லை, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அடுத்து, காற்று புகாத பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் அதற்குள் போட நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையல் சட்டியில் வேண்டாம், தனிச் சட்டி வைத்துக்கொள்.

வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து பையை அப்படியே முக்கி எடுக்கும் வீடியோவை நீயும் பார்த்திருக்கிறாய். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பை எது என்று பார். 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய கோச் நிறுவனத்தின் பழைய பைகள் பல, தடித்த மாட்டுத்தோலில், லைனிங்கே இல்லாமல் செய்தவை. உள்ளே அட்டை கிடையாது, ஒட்டுவேலை குறைவு. அதனால்தான் குளித்தும் பிழைக்கின்றன. லைனிங்கும் உள்ளட்டையும் வைத்துச் சொல்யூஷனால் ஒட்டிய பையை முக்கினால் அட்டை ஊறும், பசை விடும், சிவப்புச் சாயம் வெள்ளைத் தையலுக்கு இறங்கும். சரி, உன் கையில் அந்தப் பழைய கோச் பையே கிடைக்கிறது என்று வைத்துக்கொள். வீடியோக்காரர் வீட்டில் இரண்டு நாளில் காய்ந்த பை, பீர்மேட்டு ஜூலையில் வாரம் கழிந்தும் சொதசொதவென்று இருக்கும். நனைந்த தோல் பூஞ்சணத்துக்கு விருந்து. அந்த வேலையை ஜனவரிக்குத் தள்ளிவை.

காயவில்லையே என்று யாராவது யோசனை சொல்வார்கள்: ஏலக்காய் ஸ்டோரில் ஓர் இரவு தொங்கவிடு, கொழுந்து வாட்டும் மாடியில் வை, அடுப்புக்கு மேலே கட்டு. கேட்காதே. ஈரமான தோல் ஒரு சூட்டைத் தாண்டினால் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். குரோமில் பதனிட்ட புதுத்தோல் கொதிநீர் வரைக்கும்கூடத் தாங்கும். பட்டையில் பதனிட்டது சுமார் 70, 80 டிகிரியில் சுருங்கும். பழசாகிச் சிதைந்த தோலில் அந்த அளவு எவ்வளவோ கீழே இறங்கியிருக்கும், பார்த்து ஊகிக்கவும் முடியாது. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் வை. தாள் நனைய நனைய மாற்று. அவ்வளவுதான்.

இப்போது பழுப்புப் பை. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். அது அழுக்கில்லை, தோலே பொடிந்து வருகிறது. பட்டையில் பதனிட்ட தோல் காற்றிலுள்ள புகையையும் கந்தக வாயுவையும் உள்வாங்கி அமிலமாகி, நார் அறுந்து இப்படி ஆகும். இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போனது. புத்தகங்களின் தோல் அட்டைகள் ஏன் இப்படிப் பொடிகின்றன என்று ஆராய லண்டனில் கலைச் சங்கம் ஒரு குழு போட்டது. 1901இல் வந்த அதன் அறிக்கை, நம் ஆட்டுத்தோலை அந்த வேலைக்கு மிக மோசமானது என்று ஒதுக்கியது. மற்ற வேலைகளுக்குப் பரவாயில்லை என்றும் சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆவாரந் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. உன் பை ஆவாரம் பட்டையா, வாட்டில் பட்டையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் பொடிந்த நாரைத் திரும்பக் கட்ட வழியில்லை. க்ளூசெல் ஜி என்று ஒரு தூள் இருக்கிறது. அதை ஆல்கஹாலில் நீர்த்த கரைசலாகக் கரைத்து மெல்லப் பூசினால் பொடி உதிர்வது நிற்கும். அதன்பிறகு அது அலமாரியில் வைக்கும் பை, தோளில் மாட்டும் பை இல்லை. வாங்குபவரிடம் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

உன் அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பூசியதும் பளபளக்கும், ஊரே பாராட்டும். பிறகு கறுக்கும், காறும், பிசுபிசுக்கும். உங்கள் ஊர் டிசம்பர்க் குளிரில் பாட்டிலில் உறைவதுபோலத் தோலுக்குள்ளும் உறைந்து, மறுபடியும் வெள்ளை பூக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சமையல் சோடாவும் அதே மாதிரி ஆபத்துதான். தோல் இயல்பில் அமிலப் பக்கம் நிற்பது. காரம் பட்டால் விறைக்கும்.

கறுப்புப் பை எனக்குக் கவலை தரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது, துடைப்பது சுலபம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதில் கை வைக்க யோசி. வாரின் நுனியில் வெட்டு விளிம்பையும் பார். நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பென்றால் பட்டை. தோலுக்குப் பதில் துணி தெரிந்தால் அது தோலே இல்லை, பி.யூ. என்ற செயற்கைத் தோல். பி.யூ. உரியத் தொடங்கினால் யாராலும் ஒட்டவைக்க முடியாது. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. கைப்பழக்கத்துக்குப் பை வேண்டுமானால், 1978இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைனின் பழைய பை ஒன்றைத் தேடு. பட்டைத் தோலும் பித்தளைப் பூட்டும் எப்படிச் சேர்ந்து வயதாகின்றன என்று அதில் கற்றுக்கொள்ளலாம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கிற ஆசை வரும். கழற்ற முடிந்தால் கழற்றித் தேய், தோலோடு சேர்த்துத் தேய்க்காதே.

பாம்புத்தோல் பை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். செதில் ஓரம் நகத்துக்கு எழும்பாமல், ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தால் அது மாட்டுத்தோலில் அழுத்திய டிசைன், பயமில்லை. செதில் தனித்தனியாக எழும்பினால் நிஜம். ஒரு காலத்தில் சென்னை பாம்புத்தோல், உடும்புத்தோல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், தோல் வெளிநாடு போனது. 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அதை முடித்துவைத்தன. பிழைப்பு போன இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். இன்று அந்த மாதிரிப் பையை விற்பதும் வாங்குவதும் குற்றம். நீயோ பெரியாறு புலிகள் காப்பகத்தின் வாசலில் பழைய பைக் கடை போட நினைக்கிறாய். அந்தக் கடைக்காரரிடம் இன்றைக்கே திருப்பிக் கொடு.

வீட்டில் 'தோல் வேலையா?' என்று முகம் சுளிப்பதாக எழுதியிருந்தாய். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடாதே. இந்த மாதிரி வேலையைச் சாதியின் பெயரால் தலையில் கட்டிய ஊரிலிருந்து தப்பித்து மலையேறிய குடும்பங்கள் உங்கள் லயங்களில் உண்டு. பேத்தி கையில் குத்தூசியும் மெழுகு நூலும் பார்த்தால் பழசெல்லாம் ஞாபகம் வரும். 2000இல் பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டபோது அங்கிருந்தவர்கள் பட்ட பாட்டையும் உன் அப்பா பார்த்திருப்பார். நிலையில்லாத வேலை என்றால் அவருக்குப் பயம். பேச்சில் ஜெயிக்கப் பார்க்காதே. கடைக்கு உன் பெயரில் பலகை வை, ரசீதுப் புத்தகம் வை, மாதக் கணக்கை அவரிடமே கொடுத்துக் கூட்டச் சொல்.

ரசீதில் என்ன செய்தாய் என்பதையும் எழுது: நிறம் ஏற்றியது, லைனிங் மாற்றியது, ஜிப் ரன்னர் புதிது. போலி முத்திரை போட்ட பையைச் சுத்தம் செய்து கொடு, தப்பில்லை. ஆனால் முத்திரை அழிந்த பைக்கு முத்திரை போட்டுத் தரச் சொன்னால் மறுத்துவிடு. மட்டாஞ்சேரி யூதத் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் பை அனுப்பும் யோசனை நல்லதுதான். அங்கே ஒருமுறை பெயர் கெட்டால் கொச்சி முழுக்கக் கெட்டது.

ஓணத்துக்குப் பை வேண்டும் என்று இப்போதே சிலர் அவசரப்படுத்துவார்கள். காயாத பையைக் கொடுக்காதே. கன்னி மாதம் அது பூஞ்சணத்தோடு உன் வாசலுக்கே திரும்பி வரும். செப்டம்பர் வரை புது வேலை எடுக்காமல், வந்ததையெல்லாம் உலர்த்தி மட்டும் வை. கறுப்புப் பையின் வார் நுனியை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சாயத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியமேட்டு அண்ணன்