மூளையின் காவற்கலங்கள்

மாணவர்களே, பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிடும் முதியவரைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள்? "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். வயது போனால் எல்லோருக்கும் இப்படித்தான் என்ற எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. அது தவறு. அவர்களுட் பலருக்கு இருப்பது நோய். அத்தகைய நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய். ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் இதனை 1906 இல் முதன்முதலில் விபரித்தார்.

மூளையில் நரம்புக்கலங்கள் மட்டுமே உள்ளன என்று எழுதிவிடாதீர்கள். அங்கே மைக்ரோகிளியா எனும் சிறிய கலங்களும் உள்ளன. ('கிளியா' என்றதும் வகுப்பில் சிரிப்பொலி கேட்கும். கிரேக்க மொழியில் அதற்குப் 'பசை' என்று பொருள்.) 1919 இல் இவற்றைத் தனிவகையாக இனங்கண்டவர் ஸ்பானிய விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தெகா. குருதியில் வெண்குழியங்கள் செய்யும் நிர்ப்பீடன வேலையை மூளையில் இவை செய்கின்றன. அதாவது கிருமிகளையும் இறந்த கலங்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன.

இனி, அமெரிக்க விஞ்ஞானி பெத் ஸ்டீவன்ஸ் செய்த ஆய்வுக்கு வருவோம். முப்பதுகளில் இருந்த அவர் முதலில் ஆராய்ந்தது நோயை அல்ல, வளரும் மூளையை. ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். வளரும் மூளையில் இவை தேவைக்கு அதிகமாகவே தோன்றுகின்றன. நாற்றுமேடையில் மிளகாய்க் கன்றுகள் நெருக்கமாக முளைத்தால் சிலவற்றைப் பிடுங்கிவிடுகிறோம் அல்லவா? மூளையிலும் அதுவே நடக்கிறது. அங்கே பிடுங்குவது யார்?

கிருமிகளின்மீது ஒட்டி, 'இதை விழுங்கு' என்று அடையாளமிடும் சீ1கியூ என்றொரு புரதம் உடலில் உண்டு. அதே புரதம் வேண்டாத நரம்பிணைப்புகளையும் அடையாளமிடுகிறது என்பதை, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாரஸின் ஆய்வுகூடத்தில் அவர் செய்த எலி ஆய்வு 2007 இல் காட்டியது. அப்புரதம் இல்லாத எலிகளில் மேலதிக இணைப்புகள் நீங்காமல் எஞ்சின. மைக்ரோகிளியாக்கள் நரம்பிணைப்புகளை விழுங்குவதை பொஸ்டனில் அமைந்த அவரது சொந்த ஆய்வுக்குழு 2012 இல் எடுத்துக்காட்டியது.

கலைப் பட்டதாரியான என்னை வியக்கவைத்தது அடுத்த கேள்விதான். சிறுவயதில் முடிந்துபோன இந்தக் களையெடுப்பு முதுமையில் மீண்டும் தொடங்கினால் என்ன ஆகும்? அல்சைமர் நோயின் மாற்றங்களைக் கொண்ட எலிகளில், மூளையில் புரதப் படிவுகள் தோன்றுமுன்பே சீ1கியூ அதிகரித்து நரம்பிணைப்புகள் குறைவதை அக்குழு 2016 இல் கண்டது. அப்புரதத்தைத் தடுத்தபோது இழப்பும் குறைந்தது.

"ஆகவே மருந்து கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. இது எலியில் கண்ட முடிவு. இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மேலும், காவற்கலங்களை வெறுமனே அடக்கிவிடவும் முடியாது. டிரெம்2 எனும் பரம்பரையலகின் சில மாற்றங்களால் இவற்றின் துப்புரவு வேலை குன்றும்போதும் அல்சைமர் நோய் ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது.

பயிற்சி
1. மைக்ரோகிளியா, வெண்குழியம் ஆகியவற்றின் ஒற்றுமை ஒன்று தருக.
2. மிளகாய் நாற்று உவமை எதனை விளக்குகிறது?
3. வளரும் மூளைக்கு நன்மையான செயல் முதுமையில் தீங்காவது எவ்வாறு? ஐந்து வரிகளில் எழுதுக.