தொழிற்கடனும் இல்லறக்கடனும்

சென்ற திங்கள் சிவஞானபோத வகுப்பு முடிந்தபின், அன்பர் ஒருவர் தனித்து நின்று ஒரு வினாவை எழுப்பினார். "விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றேன், குழந்தை உறங்கியபின் திரும்புகின்றேன். எஞ்சிய ஞாயிற்றுக்கிழமையையும் இவ்வகுப்பிற்குக் கொடுத்துவிடுகின்றேன். 'அப்பாவுடைய வீடு எங்கே இருக்கிறது?' என்று என் மகள் தன் தாயைக் கேட்டாளாம். உழைப்பது அவர்களுக்காகவே என்று இதுகாறும் எண்ணியிருந்தேன். யான் செய்வது அறமா, அன்றா? சித்தாந்தம் இதற்கு என்ன விடை கூறும்?" என்பதே அவர் வினா. அன்று யாம் இறுத்த விடை நிரம்பியதாக எமக்கே தோன்றவில்லை. ஆகலின், அவ்வினாவை ஈண்டு எடுத்துக்கொண்டு சிறிது விரிவாக ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். சைவம் தொழிலையேனும் இல்லத்தையேனும் இழித்துரைக்கும் சமயம் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தை நோக்குக. குயவர், வணிகர், உழவர், நெய்பவர், ஆடை வெளுப்பவர், மீன் பிடிப்பவர் என அடியார்கள் தத்தம் தொழிலிலே நின்றே திருவடி எய்தினர். அவருட் பலர் மனைவி மக்களோடு இல்லறத்தில் வாழ்ந்தவர். எனவே, தொழிலும் இல்லமும் வீட்டுநெறிக்குத் தடையென்று கூறுதல் பொருந்தாது. தடையாவது யாதெனின், 'யான்', 'எனது' என்னும் செருக்கே என்க.

இனி, தொழிலையும் இல்லத்தையும் சமன்செய்தல் என்பது யாது? நாளின் 24 மணி நேரத்தை அளந்து, இத்துணை நாழிகை அலுவலுக்கு, இத்துணை நாழிகை மனையோர்க்கு எனப் பங்கிடுதலே சமன் என்பர் பலர். சித்தாந்த நூல்களிற் பயிலும் 'இருவினையொப்பு' என்னும் சொல்லை ஈண்டு உவமையளவில் எண்ணிப் பார்த்தல் பயன்தரும். நல்வினை தீவினை இரண்டும் அளவால் ஒத்து நிற்றலே இருவினையொப்பு என்று முதலிற் கேட்பார்க்குத் தோன்றும். அஃது அன்று. அவ்விரு வினைகளிலும் அவற்றின் பயன்களிலும் ஒன்றை விரும்பி ஒன்றை வெறுக்கும் மயக்கம் நீங்கி, உயிரின் அறிவு ஒருபடித்தாய் நிற்றலே இருவினையொப்பென்று சிவஞான முனிவர் விளக்கியருளினார். ஒப்பு வினைகளின் அளவில் இல்லை. உயிரின் நிலையில் உளது. தொழிலும் இல்லமும் பற்றிய ஒப்பும் அத்தகையதே. மணிக்கணக்கு வேண்டுவதே, ஆயினும் அது முடிந்த முடிபு அன்று.

யாங்ஙனமெனின், சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தின் பொருளை நினைவுகூர்க. கண் தானே காணமாட்டாது. செவி தானே கேளாது. உயிர் அப்பொறியோடு கூடி நின்றாலன்றி அறிவு நிகழாது. அலுவலினின்று மீண்ட ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கின்றான். குழந்தை தான் வரைந்த படத்தை அவன் முன் நீட்டுகின்றது. அவன் கண் அப்படத்தின்மேல் உளது. உயிரோ கைப்பேசியில் வந்த மேலாளரின் செய்தியோடு நிற்கின்றது. 'நன்று' என்று வாய் சொல்கின்றது. குழந்தை அதனை நம்புவதில்லை. தந்தை அங்கு இல்லை என்பதனை எந்நூலும் ஓதாமலே அது அறிந்துகொள்கின்றது.

இதற்குக் காரணம் உயிரின் இயல்பே. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையுடையது; பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுதல் போல. பகல் முழுதும் கணக்கையும் போட்டியையும் சார்ந்த உயிர், வீட்டு வாயிலை மிதித்த மாத்திரத்தே அவ்வண்ணத்தை இழப்பதில்லை. ஆகலின், உடம்பை வீட்டுக்குக் கொணர்ந்தவன் உயிரையும் கொணர்தற்கு ஒரு முயற்சி செய்தல் வேண்டும். அம்முயற்சியின்றி 10 மணி நேரம் இல்லத்திற் கிடப்பினும் பயனில்லை. அம்முயற்சியோடு ஒரு மணி நேரம் இருப்பினும் அஃது இல்லத்தார்க்கு நிறைவு தரும்.

அற்றேல், நேரக்குறைவைப்பற்றிக் கவலற்க என்கின்றீரோ எனின், அன்று. உயிர் நிற்றற்கு ஒரு கருவி வேண்டும். அக்கருவியாகிய உடம்பும் அளவுடையது. தொழிலகங்களின் உழைப்பு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனும் வரையறையை உலகத் தொழிலாளர் அமைப்பு 1919ஆம் ஆண்டிலேயே தன் முதல் உடன்படிக்கையாக வகுத்தது. நம் சென்னையில் 1923ஆம் ஆண்டு மே முதல்நாள் சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். 2021ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் கூடி வெளியிட்ட ஆய்வோ, வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பார்க்கு, 35 முதல் 40 மணி உழைப்பாரை நோக்க, பக்கவாதம் நேரும் இடர் 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி என்று காட்டிற்று. இறைவன் மாயையினின்று தந்த உடம்பாகிய விளக்கை எண்ணெய் வற்ற எரிப்பது தவமும் அன்று; தொண்டும் அன்று.

பிறரை ஏவும் நிலையில் உள்ளார் இதனைச் சிறப்பாக நினைத்தல் வேண்டும். தம் கீழ்ப் பணிசெய்வாரை இரவில் அழைத்து வேலையிடும் தலைவர், அந்நேரத்தைத் தம் பெட்டியினின்று எடுக்கின்றாரல்லர். ஒரு குழந்தையின் பங்கினின்று எடுக்கின்றார். அதுவும் வினையே, அதன் பயனும் உண்டு.

இனி, ஒரு தடை எழலாம். "திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்குக என்று மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார் அன்றோ? மனையோர் பசித்திருக்க அவர் திருக்கோயிலில் தங்கினார் அன்றோ? கடமைக்காக இல்லத்தை மறத்தல் குற்றமாயின் அவர் செயல் யாதாகும்?" என்பார் உளர். கூறுதும். நாயனார் மறந்தது இல்லத்தை மட்டுமன்று, தம்மையும் மறந்தார். தமக்கென ஒரு காசும் ஈட்டாமல், தம் பசியையும் அறியாமல், அன்பே வடிவாய் நின்றார். அத்தகையார் 'எனது' என்பதனை விட்டமையின், அவர் இல்லத்தைத் தன் பொறுப்பாக இறைவன் ஏற்று, அன்றிரவே மனை நிறையப் பொருளை நல்கினான். ஊதியவுயர்வுக்கும் பதவிக்கும் பெயருக்குமாக வீட்டை மறந்தவன் அந்நாயனாரைத் தனக்குச் சான்றாகக் காட்டுதல் தகாது. அவர் மறந்தது 'யான்' அழிந்தமையால். இவன் மறப்பது 'யான்' முதிர்ந்தமையால்.

நமக்கு ஏற்ற சான்று இளையான்குடிமாற நாயனார் வரலாற்றில் உளது. மழை பொழியும் நள்ளிரவில் அடியார் வேடத்தில் இறைவன் வருகின்றான், வீட்டில் உணவில்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொணரலாம் என்று வழி சொல்கின்றவர் மனைவியார். இருளில் நனைந்து சென்று அதனைக் கொணர்கின்றவர் நாயனார். விறகில்லை என்றவுடன் வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்துத் தருகின்றவரும், கறிக்குக் குழியிலுள்ள பயிரைப் பறித்து வருகின்றவரும் அவரே. கழுவி, வறுத்து, குற்றி, அடுகின்றவர் அம்மையார். ஈண்டுத் தொண்டு ஒருவருடையதாகவும் சுமை மற்றொருவருடையதாகவும் இல்லை. இக்காலத்தே கணவனும் மனைவியும் இருவரும் அலுவலுக்குச் சென்று திரும்பும் வீடுகள் பல. அங்கே ஒருவர் சாய்நாற்காலியிலும் மற்றொருவர் அடுப்படியிலும் நாள்தோறும் இருப்பாராயின், அவ்வீட்டார் நாயனார் வரலாற்றைப் படித்தும் படியாதவரேயாவர்.

பழையாறை அமர்நீதி நாயனாரையும் நினைத்தல் தகும். அவர் பெருவணிகர். திருநல்லூரில் திருமடம் அமைத்து அடியாரைப் பேணிவந்தார். ஆங்கு மாணி வடிவில் வந்த இறைவன் அடைக்கலமாகக் கொடுத்த கோவணம் மறைந்தபோது, அதற்கு ஈடாகத் தண்டிலிருந்த மற்றைக் கோவணத்தின் எடை கேட்கப்பட்டது. துலைத்தட்டில் ஆடைகளை இட்டார்; பட்டும் பொன்னும் மணியும் இட்டார்; தம் வாணிகத்தின் ஈட்டம் அனைத்தையும் இட்டார். தட்டு ஒத்து நின்றிலது. முடிவில் மனைவியாரோடும் மைந்தரோடும் தாமும் திருவைந்தெழுத்தை ஓதித் தட்டின்மேல் ஏறினார். அப்பொழுதே துலை நேர்நின்றது. நாம் ஈட்டியவை ஒருபுறம் எத்துணைக் குவியினும் ஒப்பு வருவதில்லை. நம்மையே, நம் இல்லத்தாரோடு கூட, இறைவன்முன் வைத்தபோதே ஒப்பு வருகின்றது. அவர் மனைவி மக்களை விட்டுத் தனியே ஏறினாரல்லர் என்பது கருதத்தக்கது.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை உணர்த்துகின்றது. தன் செயலென்று ஒன்றையும் கொள்ளாது, அனைத்தையும் அவன் பணியாகச் செய்தலே அந்நிலை. அந்நிலையை எய்துமுன்னும் அதனை நோக்கிப் பயிலலாம். அலுவலில் உள்ள ஏடும் அவன் பணி. குழந்தையின் பாடப்புத்தகமும் அவன் பணி. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் எண்ணம் ஒழியின், ஒன்றைச் செய்யுங்கால் மற்றொன்றை நினைந்து வருந்தும் அலைவும் ஒழியும்.

இதற்குத் துணையாகச் சில நியமங்களைக் கூறுதும். வீடு திரும்பியவுடன் கைகால் கழுவித் திருநீறணிந்து, ஐந்தெழுத்தைச் சிறிது நேரம் எண்ணிப் பின்னரே மனையோரோடு பேசத் தொடங்குக. பகலிற் சார்ந்த வண்ணம் அதனாற் சிறிது நீங்கும். செருப்பை வாயிலில் வைத்தல்போலக் கைப்பேசியையும் ஓரிடத்தில் வைத்துவிடுக. நாளுக்கு ஒருவேளையேனும் யாவரும் ஒருங்கிருந்து உண்க. அலுவலின் இடுக்கணை மனையோர்க்கு எடுத்துச் சொல்லுக. அறியாத துன்பத்தில் அவர் பங்குகொள்ள இயலாது. விடுதற்கரிய நெருக்கடி வரின், அஃது எந்நாள் முடியும் என்று சொல்லி, அந்நாளிற் சொல்லைக் காத்துக்கொள்க. பணியிடத்திற் பொறுத்தற்கரிய மிகுதி நேரின், மேலோரிடம் பணிவோடு எடுத்துரைத்தலும் அறமே.

இறுதியாக, அவ்வன்பர்க்கு யாம் அன்று கூறாது விட்டதொன்று உண்டு. அவர் மகளின் பங்கினின்று எடுத்த நேரத்தில் எம் வகுப்பும் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டது. சிவநூல் ஓதுதல் என்னும் நற்பெயர் இருத்தலால் அக்கடன் தீர்ந்துவிடாது. ஆகலின், இனி அவர் திங்களுக்கு ஒருமுறை இவண் வந்தாற் போதும். ஏனைய ஞாயிறுகளில் தம் இல்லத்திலேயே மனைவியாரையும் மகளையும் உடன் இருத்தி, அடியார் வரலாறு ஒன்றைக் கதையாகச் சொல்லுக என்று வேண்டுகின்றாம். திங்களூர் அப்பூதியடிகளின் மக்கள் தொண்டு செய்யக் கற்றது தந்தையோடு தம் வீட்டிலிருந்தே அன்றோ! அங்ஙனம் செய்யின், அப்பாவுடைய வீடு எங்கே என்று அக்குழந்தை இனிக் கேளாது. அவ்வீடே திருமடமாகும்.

திருச்சிற்றம்பலம்.