ஆடிஷனுக்கு எந்தச் சிலம்பை எடுத்துப் போவது?

நாடகப் பள்ளித் தேர்வுக்குத் தயாராவதற்காக என் அண்ணன் மகள் ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். செவ்வியல் படைப்பு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத் தனிமொழி பேசிக் காட்ட வேண்டும். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எடுத்துக்கொண்டாள். முப்பது வருடத்துக்கு முன் அதே காதையோடு ஒரு தேர்வில் போய் நின்று மானம் போய்த் திரும்பியவள் நான். அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே நாங்கள் இருவரும் சேர்த்த குறிப்புகள் இவை.

1. கண்ணகி என்றதும் எல்லாரும் வழக்குரைக்கே ஓடுகிறார்கள். மதுரைக் காண்டத்தில் அவளுக்கு அடுத்தடுத்து நான்கு இடங்கள் இருக்கின்றன. துன்ப மாலையில் சூரியனைக் கேட்கிறாள், ஊர்சூழ் வரியில் தெருவில் நின்று ஊரைக் கேட்கிறாள், வழக்குரை காதையில் அரசனைக் கேட்கிறாள், வஞ்சின மாலையில் சபதம் செய்கிறாள். நான்கையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எது நாக்கில் தங்குகிறதோ அதுதான் உங்களுக்கு. பையன்களுக்கு மனோன்மணீயத்தில் (1891) குடிலன் இருக்கிறான், சூழ்ச்சிக்காரனின் பேச்சு எப்போதும் நன்றாக எடுபடும். ஷேக்ஸ்பியர்தான் வேண்டுமென்றால் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி வைத்திருக்கிறார்.

2. எடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையோடு புகார்க் காண்டத்திலிருந்தே படித்து வாருங்கள். பயன் உடனே தெரியும். கல்யாணத்தின்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. பாண்டியன் சபையில் நிற்பவளும் இளம்பெண்தான். அந்தக் கரகரத்த பெரிய மனுஷிக் குரல் யார் கொடுத்ததோ தெரியவில்லை, அதை விட்டுவிடலாம்.

3. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் பாட்டை அச்சில் உள்ளபடி எழுதுங்கள். வலது பக்கம் அதையே சந்தி பிரித்து எழுதுங்கள். மனப்பாடம் செய்வது வலது பக்கத்தை, பேசுவது இடது பக்கத்தை. சந்தி பிரிக்காமல் உருப் போட்டால் அர்த்தம் புரியாமல் வெறும் சத்தம் வரும். பிரித்தபடியே பேசினால் அகவலின் நடை போய், தமிழ்ப் பரீட்சை ஒப்பிப்பது போல ஆகிவிடும்.

4. அடி முடிகிற இடத்திலெல்லாம் மூச்சு வாங்காதீர்கள். பொருள் பல சமயம் அடுத்த அடியின் பாதியில்தான் முடியும். நோட்டில் மூச்சு எடுக்கும் இடத்துக்குப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். பேனா வேண்டாம், பத்து முறையாவது மாற்றுவீர்கள்.

5. முதல் வாரம் முழுக்க அவளுக்கு ஒரே புலம்பல். “அத்தே, அழுகையே வர மாட்டேங்குது.”

“அழுகை யாருக்குடி வேணும்? அவ கேஸ் நடத்த வந்திருக்கா.”

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற குறிப்புகள் பாதி தேவைப்படாது. காதையின் பெயரே வழக்குரை. கண்ணகியின் கண்ணில் நீர் இருக்கிறது, அரசனே அதைப் பார்த்துவிட்டுத்தான் யார் நீ என்று கேட்கிறான். ஆனால் வாயில் இருப்பது வாதம். அழுதுகொண்டே வந்து அழுதுகொண்டே போனவள் என்றால் காவலாளியே ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பான். அழுகை வந்தால் அடக்கிக்கொண்டு பேசுங்கள், அடக்குவதைப் பார்க்கத்தான் எதிரே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அழுகை வரவே இல்லையா, இன்னும் நல்லது.

6. அவள் எந்த வரிசையில் பேசுகிறாள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். முதலில் ஆராய்ந்து பார்க்காத அரசன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். பிறகு புறாவுக்காகத் தன் உடம்பைக் கொடுத்த சோழன். பிறகு பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். அதற்குப் பிறகு தன் ஊர் புகார் என்கிறாள். பிறகு புகுந்த குடும்பம், கணவன், அவன் சிலம்பு விற்க வந்தது, கொலைப்பட்டது. கடைசியில்தான் கண்ணகி என்ற தன் பெயர்.

அரசன் கேட்டதோ யார் என்ற ஒரு கேள்வி. பதிலாகப் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவள் நீதி தவறாத இரண்டு அரசர்களைக் கொண்டுவந்து அவன் எதிரே நிறுத்திவிட்டு, அப்புறம்தான் தன் பெயருக்கு வருகிறாள். முதல் அடியிலேயே தொண்டை கிழியக் கத்திவிட்டால் பெயருக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. எங்கள் வீட்டில் இதைப் படிக்கட்டில் நின்று பழகினோம். சோழன் ஒரு படி, அடுத்த சோழன் ஒரு படி, ஊர் ஒரு படி என்று ஏறி, பெயர் மொட்டை மாடி வாசலில். மூன்றாம் நாள் படிக்கட்டு இல்லாமலே அவள் குரல் ஏறியது.

7. நேரம் பார்க்க ஃபோன் போதும். ஆனால் குக்கர் வைத்துவிட்டுப் பேசிப் பழகுவதில் ஒரு லாபம் உண்டு. நடுவில் விசில் அடித்தாலும் பேச்சு தடுமாறக் கூடாது. தேர்வு அறைக்கு வெளியே யாராவது நாற்காலி இழுக்காமல் இருக்கப் போவதில்லை.

8. ழ, ள, ல மூன்றையும் தனித்தனியே சொல்லிப் பாருங்கள். சோழனைச் சோளன் ஆக்கினால் அங்கேயே மார்க் போய்விடும்.

9. மெரினா சிலை மாதிரி நிற்காதீர்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த அந்தச் சிலை நம் எல்லார் கண்ணிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் சிலம்பு, மறு கை நீட்டி, தலை நிமிர்ந்து. அழகுதான். ஆனால் அன்றைக்கு வருகிற பத்துக் கண்ணகிகளில் எட்டுப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள். ‘பூம்புகார்’ (1964) படத்தை இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பார்க்காமல் இருங்கள். விஜயகுமாரியின் குரல் காதில் விழுந்துவிட்டால் கழற்றுவது கஷ்டம்.

10. இப்போது என் மானம் போன கதை. பழைய கொலுசு ஒன்றில் பாசிமணிகளைத் துணியில் கட்டி அடைத்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். உச்ச கட்டத்தில் ஓங்கித் தரையில் அடித்தேன். முடிச்சு அவிழ்ந்து மணிகள் தேர்வாளர்களின் மேஜைக்கடியில் உருண்டன. அதற்கு மேல் என் பேச்சை யாரும் கேட்கவில்லை, எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த பெண் ஒரு மணியில் வழுக்கி விழப் பார்த்தாள். நான் முட்டி போட்டு மணி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதைவிட வெட்கம், நான் உடைத்ததே தப்பான சிலம்பு. கண்ணகி கையில் ஏந்தி வருவது தன்னிடம் மிஞ்சிய ஒன்றை. உடைப்பது, கோவலனிடமிருந்து பறித்ததை அரசன் வரவழைத்து முன்னே வைக்கிறானே, அதை. கையில் இருப்பதை உடைத்து என்ன நிரூபிக்க முடியும்? கேள்வியே அரசனிடம் இருக்கும் சிலம்பில் முத்தா மாணிக்கமா என்பதுதானே. உரையை ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே பொருள் எதுவும் வேண்டாம், வெறுங்கையே நல்லது. ஆனால் வெறுங்கைக்கும் கனம் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு வாரம் சின்ன இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், பிறகு தட்டை எடுத்துவிடுங்கள். விரல்கள் தாமாகவே அந்தக் கனத்தைப் பிடித்துக்கொள்ளும்.

11. அரசனை எங்கே உட்கார வைப்பது? தேர்வாளர் முகத்தில் வேண்டாம். அவர் குறிப்பெடுக்கக் குனிந்தால் உங்கள் பாண்டியன் காணாமல் போய்விடுவான். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பிடியுங்கள். அவன் சிம்மாசனத்தில் இருக்கிறான், பார்வை கொஞ்சம் ஏறித்தான் ஆக வேண்டும்.

12. கண்ணகி பெயர் சொல்லும் வரைக்கும் பேச்சு பதினான்கு அடிதான். அதற்குப் பிறகு, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் பதில் சொல்கிறான். தனிமொழியில் அவன் குரல் கிடையாது, ஆனாலும் அதை நீங்கள் கேட்க வேண்டும். அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சொல்லுங்கள். என் அண்ணன் மகளுக்காக நான் சமையலறையிலிருந்து பாண்டியனாகப் பதில் சொன்னேன், ஒரு வாரம் கழித்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தையும் சேர்த்தால் இரண்டு நிமிடம் சரியாக வரும்.

13. மொட்டை மாடியில் பழகுவதாக இருந்தால் கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் கீழ்வீட்டு அம்மா மூச்சிரைக்க ஏறி வந்து, “பொண்ணை ஏன் இப்படி அழ விடறீங்க?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

14. பேசி முடித்ததும், “இதையே ஒரு ரகசியம் மாதிரிச் சொல்லுங்க” என்பார்கள். நீங்கள் நன்றாகச் செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, வளைந்து கொடுப்பீர்களா என்று பார்க்கிறார்கள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லுங்கள், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற தொனியில் சொல்லுங்கள், தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பது போலச் சொல்லுங்கள். இதில் எங்களுக்கு ஒரு புதையலே கிடைத்தது. கிசுகிசுத்த கண்ணகி, கத்திய கண்ணகியைவிடப் பயமாக இருந்தாள்.

15. மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காதீர்கள், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். புறா, பசு, ஊர், புருஷன், பெயர் என்று ஐந்து கொக்கிகள் மனசில் மாட்டியிருந்தால் அடுத்த கொக்கிக்குத் தாவிவிடலாம். கண்ணகி யோசிப்பதாகத்தான் தெரியும்.

16. வெள்ளைப் புடவை, விரித்த தலை என்று வேஷம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். கசங்காத பருத்திச் சுடிதார் போதும். காதையில் அவள் கூந்தல் விரிந்துதான் இருக்கிறது, ஆனால் முடி கண்ணை மறைத்தால் நடிப்பு யாருக்குத் தெரியும்? முன்முடியை மட்டும் பின்னால் எடுத்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். கொலுசைக் கழற்றிவிடுங்கள். சிரிக்காதீர்கள், அது சிணுங்கினால் கதையே குழம்பிவிடும்.

17. காலையில் இட்லி இரண்டு, வெந்நீர். வயிறு நிரம்பினால் மூச்சு பாதியில் நிற்கும். வெறும் வயிறும் ஆகாது, கை நடுங்கும்.

18. கடைசி வார்த்தையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு “தேங்க் யூ” சொல்லாதீர்கள். ஒரு மூச்சு அங்கேயே நில்லுங்கள், பிறகு நீங்களாக மாறுங்கள். தேர்வன்று கதவு பாதி திறந்திருந்தது, நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முடித்தாள், நின்றாள், கும்பிட்டாள். பிறகு வாசலைப் பார்த்து வந்தவள், சிலம்பு உடைந்த இடம் வந்ததும் காலை ஒதுக்கி அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.