டிரெய்லர் லாரியில் பிப்த் வீல் பொருத்துதல் – வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

மளிகை வியாபாரிக்கும் லாரியின் சேஸிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னரில் இறங்கும் பருப்பு வகைகள் டிரெய்லர் லாரியில்தான் நம் கிட்டங்கிக்கு வந்து சேருகின்றன. உறுப்பினர்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து சொந்த வண்டி வைக்கவும் முன்வருகிறார்கள். அப்படி வாங்கும்போது, “பழைய லாரி ஒன்றை வாங்கி, பாடியைக் கழற்றி, பிப்த் வீல் வைத்துக் கொள்ளலாம், செலவு பாதியாகும்” என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அந்த யோசனைக்குத் தலையாட்டுமுன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நலம்.

பிப்த் வீல் என்பது இழுவை லாரியின் பின்பக்கத்தில், சேஸிஸின் மேல் கிடக்கும் கனத்த இரும்புத் தட்டு. டிரெய்லரின் முன்புறம் அடியில் தொங்கும் கிங் பின் இந்தத் தட்டின் வாயில் நுழைந்து பூட்டிக் கொள்ளும். அந்தக் காலத்துக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் ஒரு சக்கரம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரம் போக இது ஐந்தாவது என்பதால் வந்த பெயர் இது. 1914-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிரடெரிக் சிப்லி என்ற மர வியாபாரி தன் படகை ஏற்றிச் செல்ல வண்டி கேட்டார். ஆகஸ்ட் புருஹாப் என்ற கொல்லர், போர்டு காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டியைச் செய்து கொடுத்தார். பிறகு மரம் ஏற்றவும் அதுபோன்ற வண்டிகளையே சிப்லி கேட்டு வாங்கினார். ஆக, டிரெய்லர் தொழில் வளர்ந்ததிலும் ஒரு வியாபாரியின் தேவைக்குப் பங்கு உண்டு.

எடை எங்கே விழுகிறது?

இதை வெள்ளிக்கோல் பிடித்த நம்மவர்களுக்கு எளிதில் விளக்கலாம். தூக்குக் கயிற்றை ஒரு விரல் நகர்த்தினாலும் நிறை மாறிவிடும் அல்லவா? பிப்த் வீலும் அப்படியே. அதைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் டிரெய்லர் அழுத்தும் பாரம் முழுவதும் பின் அச்சின் மேல் விழும். பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் தூக்கிக் கொள்ளும்; ஸ்டியரிங் பிடிமானம் போய்விடும். ஆகவே பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் வைக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 360 செ.மீ. உள்ள வண்டியில், 60 செ.மீ. முன்னால் வைத்தால் பாரத்தில் ஆறில் ஒரு பங்கு முன் அச்சுக்குப் போகும். டிரெய்லர் 9 டன் அழுத்தினால் ஒன்றரை டன் முன்னே, ஏழரை டன் பின்னே. சரியான அளவை லாரிக் கம்பெனி தன் புத்தகத்தில் கொடுத்திருக்கும். பட்டறைக்காரர் கண் மதிப்பில் முடிவு செய்யும் விஷயம் அல்ல இது. டிரெய்லரின் மூக்கு திருப்பத்தில் கேபினில் இடிக்காமல் இருக்கவும் அந்த அளவு முக்கியம்.

பொருத்தும் முறை

1. சேஸிஸ் சட்டத்தில் நிற்கும் சுவர்ப் பகுதியும், அதன் மேலும் கீழும் மடங்கிய உதடுகளும் உண்டு. பாரத்தைத் தாங்கும் பலம் அந்த உதடுகளில்தான் இருக்கிறது. அவற்றில் ஓட்டை போடக் கூடாது. ஓட்டை சுவர்ப் பகுதியில், டிரில் வைத்துத்தான் போட வேண்டும். கேஸ் கட்டிங் கூடவே கூடாது.

2. சேஸிஸ் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது. சூடு பட்ட இடத்தில் எஃகின் குணம் மாறி, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

3. பிப்த் வீலை நேரடியாகச் சேஸிஸில் வைப்பதில்லை. இடையே துணைச் சட்டமும், அதன் மேல் தாங்கு தட்டும் வரும். பிரேக் போடும்போது பிப்த் வீல் முன்னும் பின்னும் நகராதபடி தடுக்கும் கட்டைகளைத் தாங்கு தட்டில்தான் வைப்பார்கள். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் அடி முழுவதும் போல்ட் மேல் விழும்.

4. போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். அது அதன் பல அளவு. கம்பெனி சொன்ன பலத்துக்குக் குறைந்த போல்ட்டோ, பழைய லாக் நட்டோ போடக் கூடாது. சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும்.

5. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் தடித்த பெயிண்ட் இருக்கக் கூடாது. ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி, போல்ட் தளர்ந்து விடும். அதனால்தான் முதல் சில நடைகளுக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

6. கிங் பின் 2 அங்குலம், 3½ அங்குலம் என இரண்டு அளவில் வரும். பிப்த் வீலும் அதே அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஒரு முறை என் கிட்டங்கிக்கு வந்த டிரெய்லரில், போல்ட்டைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கோடாக வழிந்திருந்ததைப் பார்த்தேன். டிரைவர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பேனர் வைத்தபோது நான்கு போல்ட் எளிதாகச் சுற்றின. இரும்பு உராய்ந்து துருப்பொடி வருவது போல்ட் ஆடுகிறது என்பதற்கு அடையாளம். இதைப் பார்க்கப் பொறியாளர் படிப்பு வேண்டியதில்லை; கண் போதும்.

பூட்டியதும் பார்க்க வேண்டியவை

டிரெய்லரை மாட்டியதும் டிரைவர் இறங்கி, டார்ச் அடித்து அடியில் பார்க்க வேண்டும். தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. கிங் பின்னைத் தாடை முழுவதும் கவ்வியிருக்க வேண்டும். பூட்டுக் கைப்பிடி உள்ளே போயிருக்க வேண்டும். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்த நிலையிலேயே வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். ஏர் குழாய், மின் வயர் இணைப்புகளைச் சரிபார்த்து, அதன் பிறகே டிரெய்லரின் தாங்கு கால்களைத் தூக்க வேண்டும். தட்டில் கிரீஸ் வறண்டால் திருப்பங்களில் வண்டி முரண்டு பிடிக்கும்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. போன உயிருக்கும் சரக்குக்கும் நாமே பதில் சொல்ல வேண்டிவரும்.

பாரத்துக்கும் கணக்கு உண்டு. 2018 ஜூலையில் அச்சுப் பாரம் உயர்த்தப்பட்டது. முன் அச்சு 7 டன், நான்கு டயர் உள்ள பின் அச்சு 11.5 டன், டிரெய்லரின் இரட்டை அச்சு 21 டன், ஆக 39.5 டன். இது வண்டி, கண்டெய்னர், சரக்கு எல்லாம் சேர்ந்த எடை. வெறும் 20 அடிக் கண்டெய்னரே 2 டன்னுக்கு மேல் என்பதை மறக்கக் கூடாது. 2019-ல் திருத்திய சட்டப்படி, கூடுதல் பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000.

ஆகவே, வண்டி வாங்கும் அன்பர்கள் இழுவை வண்டியாகவே கம்பெனியில் தயாரான லாரியை வாங்குவதே உத்தமம். பிப்த் வீலை மாற்ற நேர்ந்தால், கம்பெனி வரைபடம் எங்கே, போல்ட் எந்த ரகம், எவ்வளவு டார்க், மறுபடி இறுக்க என்றைக்கு வர வேண்டும் என்ற நான்கு கேள்விகளையும் பட்டறையில் கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.