வெள்ளிக்கிழமையை விற்றுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

மாலத்தீவில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, தலைநகர் மாலேயில் இல்லை, தெற்கே ஒரு சின்னத் தீவில் என்று உன் அம்மா சொன்னார். மகிழ்ச்சி. உன்னைப் போல இன்னும் பல பிள்ளைகள் அந்தப் பக்கம் கிளம்புகிறார்கள். அதனால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெட்டியில் என்ன வைப்பது, ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது என்பதெல்லாம் உனக்கு முன்னால் போனவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த வெள்ளிக்கிழமையை யாருக்கும் விற்றுவிடாதே.

கேட்டு வருவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுவதால் பெற்றோருக்குப் பதற்றம் அதிகம். ட்யூஷன் எடுப்பீர்களா டீச்சர் என்று வீட்டு வாசலிலேயே கேட்பார்கள். உனக்கும் பணம் தேவைப்படும். சம்பளம் ரூஃபியாவில் வரும், ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும். அரசு விகிதப்படி 1 டாலருக்கு 15.42 ரூஃபியாதான், ஆனால் அந்த விலையில் டாலர் சுலபமாகக் கிடைப்பதில்லை. கூடுதல் விலை கொடுக்கும்போது மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு கண்ணெதிரே போய்விடும். அந்தத் துண்டை மீட்கத்தான் பல ஆசிரியர்கள் வாரத்தின் ஏழு நாளும் கணக்கும் வேதியியலும் நடத்துகிறார்கள். வீட்டுக் கடனையும் தம்பி படிப்பையும் தோளில் சுமப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளி அனுமதித்தால் நீயும் வார நாள் மாலைகளில் எடு. வெள்ளி மட்டும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நீ பாடம் நடத்தப்போகும் பிள்ளைகளின் உலகம் வகுப்பறைக்குள் இல்லை. உன் கையிலிருக்கும் புத்தகத்தில் ரயில் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும், பந்து மலைச்சரிவில் உருளும். அந்த நாட்டில் ரயிலே கிடையாது. மலையும் ஆறும் கிடையாது. நிலத்தின் சராசரி உயரமே ஒன்றரை மீட்டர்தான். அந்தக் கணக்கை மனப்பாடம் செய்து பிள்ளைகள் மதிப்பெண் வாங்குவார்கள். ஆனால் கண் விரியாது.

அங்கே நான் பாடம் நடத்தியபோது என் வகுப்பில் ஒரு பையன் சார்புத் திசைவேகம் பாடத்தில் வாயே திறக்க மாட்டான். ஒரு சனிக்கிழமை அவன் குடும்பத்தோடு ஆளில்லாத தீவு ஒன்றுக்குச் சுற்றுலா போனோம். தீவுகளுக்கு நடுவே உள்ள கடல் கால்வாயைக் கடக்கும்போது நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளியது. சுக்கான் அவன் கையில் இருந்தது. போக வேண்டிய தீவுக்கு நேராகப் படகின் முகப்பைத் திருப்பாமல், தள்ளி வேறு திசையில் வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். இப்படி வைத்தால்தான் டீச்சர் நேராகப் போகும் என்றான். திசையன் கூட்டல் முழுவதும் அவன் மணிக்கட்டில் இருந்தது. ஞாயிறன்று அந்தப் படகையே கரும்பலகையில் வரைந்தோம். விடுமுறை நாளையும் ட்யூஷனுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பையனை நான் கடைசி வரை மக்கு என்றே நினைத்திருப்பேன்.

வியாழன் மாலையே தீவின் முகம் மாறிவிடும். பள்ளி மைதானத்தில் பெரியவர்கள் கால்பந்து ஆடுவார்கள். பெண்கள் 'பஷி' ஆடுவார்கள். எதிர் அணிக்கு முதுகைக் காட்டி நின்று, மட்டையால் பந்தைத் தலைக்கு மேல் பின்புறமாக அடிக்கும் ஆட்டம் அது. கூப்பிட்டால் போய் நில், பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சில இரவுகளில் போடுபெரு ஒலிக்கும். பெரிய மேளங்கள் மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏற ஏற ஆடுபவர்கள் தம்மை மறக்கும் வரை போகும்.

வெள்ளி காலை பக்கத்து வீட்டில் மாஸ் ஹுனி தருவார்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, ரொஷி என்ற ரொட்டியோடு சாப்பிடுவது. முருங்கைக்கீரை சேர்த்துப் பிசைவதும் உண்டு. அதைச் சாப்பிடும்போது உனக்கு ஊர் ஞாபகம் வரும். நீ சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டார்கள். நண்பகல் தொழுகையின்போது கடைகளெல்லாம் மூடியிருக்கும். பல படகுகளும் அன்று ஓடாது. எங்கும் போக முடியாத நாள் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. போக முடியாததால்தான் ஊரே வீட்டில் இருக்கிறது என்பதை நீ பார்.

பிற்பகலில் மரத்தடியில் ஜோலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய இருக்கை அது. அங்கே வயதானவர்களிடம் நகைய் நாள்காட்டியைப் பற்றிக் கேள். வருடத்தை 27 நட்சத்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் கொடுத்திருக்கிறார்கள். 18 தென்மேற்குப் பருவத்துக்கு, 9 வடகிழக்குப் பருவத்துக்கு. எதில் காற்று மாறும், எதில் கடல் கொந்தளிக்கும் என்று மீன்பிடிப்பவர்கள் இதை வைத்தே சொல்லி வந்திருக்கிறார்கள். அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு என்று அவர்கள் அடுக்கும்போது அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று நீயும் கூடவே சொல்ல முடியும். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போய்வந்த கடல் அது. நம்மை அங்கே யாரும் முழு அந்நியராகப் பார்ப்பதில்லை.

அதற்காக அவர்களுடைய ஒழுங்கை மறந்துவிடாதே. பூஜைக்கான சிலைகளைக் கொண்டுவரச் சுங்கத்தில் தடை உண்டு. உன் பித்தளைப் பிள்ளையார் அம்மாவிடமே இருக்கட்டும். கும்பிடுவதை அறைக்குள், மனசுக்குள் வைத்துக்கொள். நோன்பு மாதத்தில் பகலில் வெளியே எதுவும் சாப்பிடாதே. மாலையில் நோன்பு திறக்க அழைத்தால் கட்டாயம் போ.

தனிமை வரும், மறைக்க மாட்டேன். குறிப்பாக மழைக்காலத்தில், நாள் கணக்கில் காற்று அடிக்கும்போது. அப்போது வெள்ளி முழுவதும் அலைபேசியில் ஊரோடு பேசிக்கொண்டே கிடக்கத் தோன்றும். அரை மணி பேசு, பிறகு எழுந்துவிடு. விடுதியில் இருக்கும் இலங்கை, கேரள ஆசிரியைகளோடு சேர்ந்து சமை. பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் அவர்கள் மொழிக்கான 'தானா' எழுத்தைக் கற்றுக்கொள். வலமிருந்து இடமாக எழுதுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களின் வடிவத்திலிருந்து உருவானவை. எண்ணோடு பழகிய உனக்கு அது பிடித்துப்போகும்.

கடைசியாக ஒரு கட்டளை. அக்கா என்ற உரிமையில் சொல்கிறேன். உனக்கு நீச்சல் தெரியாது. நாலு பக்கமும் கடல் இருக்கும் இடத்துக்கு அப்படிப் போகாதே. கிளம்பும் முன் ஊரிலேயே ஒரு பயிற்சியில் சேர்ந்து மிதக்கவாவது பழகிக்கொள். மிச்சத்தை அங்கே உன் மாணவிகள் சொல்லித் தருவார்கள். தீவுப் பெண்களைப் போல உடலை மூடிய உடையோடு, அவர்கள் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்கு. பவளப்பாறை விளிம்பைத் தாண்டாதே, கால்வாய்ப் பக்கம் தனியாகப் போகவே போகாதே. படகில் ஏறினால், மற்றவர்கள் போடாவிட்டாலும் நீ மிதவை அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். பயிற்சியில் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா